ஓர் அட்டை, இரு பெண்கள்: மகளிர் உரிமைத் தொகையும் சேர்வராயன் மலைக் குடும்பமும்

தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை பற்றிய விவாதத்தில் ஒரு வாதம் முடிந்த முடிவாகவே கொள்ளப்படுகிறது: குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்ற விதி கூட்டுக் குடும்பத்து மருமகளை வெளியே நிறுத்துகிறது; மாதம் 1,000 ரூபாய் மாமியாரின் கணக்குக்கே போகிறது. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக் கிராமங்களுக்கு இந்த வாசிப்பு பெரும்பாலும் பொருந்தாது. 2023 ஜூலையில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளோடு நின்றுவிட்ட வாசிப்பு இது.

அந்த நெறிமுறைகளின்படி, அட்டையில் தலைவராக உள்ள பெண், அல்லது தலைவராக உள்ள ஆணின் மனைவி, குடும்பத் தலைவி. 21 வயது நிரம்பிய பெண்கள் பலர் இருந்தால் ஒருவரைக் குடும்பமே தேர்ந்துகொள்ளலாம். கூடவே, முதியோர் ஓய்வூதியம் போன்ற உதவி பெறுவோர் உள்ள குடும்பங்கள் விலக்கப்பட்டிருந்தன. மறுமாதமே அரசு இதைத் தளர்த்தியது: ஓய்வூதியம் பெறுபவர் வீட்டிலும் தகுதியுள்ள வேறொரு பெண் விண்ணப்பிக்கலாம். இந்தத் தளர்வை ஒரு சலுகையாக மட்டும் கண்டு கடந்துபோகிறார்கள். ஆனால் விதியின் விளைவையே அது மாற்றிவிட்டது. ஓய்வூதியம் வாங்கும் மாமியார் போட்டியிலேயே இல்லை. குடும்பம் தேர்வதற்கு மருமகள்தான் மிச்சம். அதே ஆகஸ்டில் ஓய்வூதியமும் 1,200 ரூபாயானது. ஒரே அட்டையின்கீழ் இரண்டு பெண்களுக்கு இரண்டு வங்கிக் கணக்கு, மாதம் 2,200 ரூபாய்.

இதன் எடை காப்பித் தோட்டத்தில் தெரியும். பழம் பறிப்பு முடிந்தால் பெண்களுக்கு வேலை நாட்கள் சுருங்கிவிடும். 1,000 ரூபாய் என்பது 2025-26இன் நூறு நாள் வேலைக் கூலியில் (336 ரூபாய்) மூன்று நாள் கூலிதான். அற்பம் என்று சொல்வது எளிது. வேலையே இல்லாத மாதத்திலும் தவறாமல் வரும் மூன்று நாள் கூலி என்பதை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் நிதி நிலப் பதிவைக் கேட்கிறது. தோட்டத்தின் லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு அந்தப் பதிவு கிடையாது. உரிமைத் தொகை நிலம் கேட்பதில்லை, உச்சவரம்புதான் வைக்கிறது: நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கர். (சமவெளியை மனத்தில் வைத்து எழுதிய விதி, நஞ்சை அரிதான மலையில் இது தோட்ட முதலாளியைத் தவிர அதிகம் பேரைத் தொடாது.)

பணம் டாஸ்மாக்குக்குப் போகும் என்ற மறுப்புக்கு இங்கே இடம் தர வேண்டியதில்லை. எந்தக் கூலிக்கும் சொல்லக்கூடியதுதான் அது.

என் வாசிப்புக்கும் எல்லை உண்டு. மாமியாருக்கு அறுபது ஆகாத வீட்டில், அல்லது வயதிருந்தும் ஓய்வூதியம் கிடைக்காத வீட்டில், பழைய வாதமே நிற்கும். அத்தகைய வீடுகளுக்குத் தனி அட்டை ஒரு வழி. திட்டம் வந்த காலத்தில் புதிய அட்டை கேட்டவர்கள் பெருகியதும், அட்டை வழங்கல் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டதும் தெரிந்ததே. ஆகவே ஏற்காட்டுக் கிராமங்களான நாகலூரிலோ மாரமங்கலத்திலோ 2023க்கு முன்னும் பின்னும் குடும்பங்களை ஒப்பிட விரும்புவோர், இடையில் பிரிந்த அட்டைகளை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். இல்லையேல் ஒரே அடுப்பை இரண்டு குடும்பமாக எண்ணிவிடுவார்கள்.