முதிய குதிரைகளைப் பராமரித்தல்: சில அனுபவக் குறிப்புகள்

ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் வசிக்கும் ஒருவன் குதிரைகளைப் பற்றி எழுதுவது வாசகர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஷேர்போர்ன், பார்லிமென்ற் வீதிகளுக்கு இடையே 1960களில் எழும்பிய தொடர்மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இடம் இது. ஆனால் இங்கிருந்து தென்கிழக்காகப் பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் றிவர்டேல் பண்ணை வந்துவிடும். 1888இல் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலை 1974இல் மூடப்பட்ட பின்னர், அதே இடத்தில் 1978இல் மாநகரசபை திறந்த பண்ணை அது. மகளுக்கு ஆடு மாடு காட்டவென்று அங்கே போன ஒரு நாளில் பேச்சுக்கொடுத்த முதிய பெண்மணி ஒருவர், நகருக்கு வடமேற்கே தாம் வயதான குதிரைகளை வைத்துப் பராமரிப்பதாகச் சொன்னார். ஒருமுறை பார்க்கப் போனேன். நான்கு வருடங்களாகச் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன்.

பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு அதுவரை குதிரையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அங்கே கற்றுக்கொண்டவற்றையும் அதையொட்டி வாசித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எங்கிருந்து வருகின்றன?

குதிரை சாதாரணமாக 25 முதல் 30 வருடங்கள் வாழும். பந்தயக் குதிரையின் ஓட்டமோ பெரும்பாலும் பத்து வயதுக்குள் முடிந்துவிடும். மிகுதிக் காலத்துக்கு அதற்கு யார் தீனி போடுவது என்பதுதான் கேள்வி. கனடாவில் குதிரையை இறைச்சிக்காக அறுப்பது சட்டவிரோதமானதல்ல. அந்த முடிவிலிருந்து காப்பாற்றவென்று ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்குப் புகலிடம் தேடும் 'லோங்றன்' என்ற அமைப்பு 1999இல் ஒன்ராறியோவில் தொடங்கப்பட்டது. சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்தில் பந்தயத் தொழிலுக்குக் கொடுத்துவந்த பங்கை மாகாண அரசு 2013 மார்ச்சுடன் நிறுத்தியபோது, வண்டிப் பந்தயக் குதிரைகள் பல உரிமையாளர்களால் வைத்திருக்க முடியாதவையாயின.

நான் போகும் பண்ணையில் பதினொரு குதிரைகள் இருந்தன. எல்லாம் இருபது வயதைக் கடந்தவை. மூத்தது 31 வயதுப் பெண்குதிரை. அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. எனக்கு அது ஆச்சி.

காலை வேலை

நான் முதலில் கற்றது தீனி வைப்பதையல்ல, வைக்கும் முன் வாசலில் நின்று பார்ப்பதை. தலைகளை எண்ணவேண்டும். யார் கூட்டத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது, யார் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது, யாருடைய இடத்தில் இரவுச் சாணம் குறைவாகக் கிடக்கிறது என்று கவனிக்கவேண்டும். சாணம் குறைந்தால் குடல் மந்தமாகிறது என்று பொருள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றுக்குள் எது அடைத்தாலும் அது உயிராபத்தாகலாம். என் தொழிலிலும் கணினி நின்றுபோகும் முன்னர் பதிவேட்டில் எங்கோ ஒரு சிறிய மாற்றம் தெரிந்திருக்கும். அதை நாங்கள் பார்த்திருக்கமாட்டோம்.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்துக் கிலோ உலர்புல் வேண்டும். தண்ணீர் 25 முதல் 40 லீற்றர். மாரிகாலத்தில் தண்ணீர்தான் பெரிய கவலை. பனியை நக்கி அவை தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. தண்ணீர் உறைநிலையை நெருங்கினால் கிழக்குதிரைகள் குறைவாகக் குடிக்கும், உலர்புல் குடலில் இறுகிவிடும். ஆகையால் தொட்டிகளுக்கு மின்சூடாக்கி வைத்திருக்கிறோம். அது வேலை செய்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பது ஒவ்வொரு காலையும் செய்யும் வேலை.

பல்லும் தீனியும்

குதிரையின் பல் எங்களுடையதைப் போன்றதல்ல. நீண்ட பல் தாடைக்குள் புதைந்திருந்து, தேயத் தேய வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே தள்ளப்பட்டு வரும். முப்பது வயதை நெருங்கும்போது தள்ளுவதற்கு மிச்சம் இருக்காது. அப்போது குதிரை புல்லை மென்று, விழுங்க முடியாமல் சிறு உருண்டைகளாகக் கீழே துப்பும். ஆச்சியின் காலடியில் அத்தகைய உருண்டைகளைக் கண்டபோது அது விளையாடுகிறது என்றே நினைத்தேன். அது பட்டினியின் தொடக்கம் என்று பண்ணைக்கார அம்மா விளக்கினார்.

இதற்குப் பரிகாரம் கஞ்சி. அழுத்திக் கட்டியாக்கிய புல்லையும் சர்க்கரைக்கிழங்குச் சக்கையையும் வெந்நீரில் நன்றாக ஊறவைத்து, கூழாக்கி, நாளுக்கு மூன்று நான்கு தடவை கொடுக்கவேண்டும். ஊறாமல் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மந்தையில் யார் முதலில் தின்பது என்பதற்குக் கண்டிப்பான வரிசையுண்டு. வயது போன குதிரை அந்த வரிசையில் கீழே இறங்கிவிடும். எனவே ஆச்சிக்குத் தனியே வேலியடைத்து, அது தின்று முடிக்கும்வரை ஒருவர் நிற்கவேண்டும். முக்கால் மணித்தியாலம் ஆகும். பெரும்பாலும் நான்தான் நிற்பேன்.

கையால் பார்த்தல்

மாரியில் மயிர் அடர்ந்துவிடுவதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. கையுறையைக் கழற்றிவிட்டு விலாவெலும்பையும் முதுகந்தண்டையும் தடவிப் பார்க்கவேண்டும். 1983இல் ரெக்சசில் ஹெனெக் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் வகுத்த ஒன்றிலிருந்து ஒன்பது வரையான அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. ஐந்து நல்ல நிலை. மூன்றுக்குக் கீழே போனால் ஆபத்து.

15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்திலொன்றுக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கோளாறு வருகிறது. கோடையிலும் மயிர் உதிராது, தசை கரையும், குளம்பினுள்ளே அழற்சி ஏற்பட்டு நடக்கமுடியாமற் போகலாம். பெர்கொலைட் என்ற மாத்திரையை நாள்தோறும் கொடுத்தால் கட்டுப்படும். எங்கள் பண்ணையில் மூன்று குதிரைகள் அதை அப்பிள் துண்டுக்குள் வைத்துத் தின்றன. ஆச்சி அப்பிளைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும்.

வாங்கியவர்களும் வளர்த்தவர்களும்

தமிழர்களுக்குக் குதிரை புதிதல்ல. ஆனால் பராமரிப்பு? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்மூஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியானதைச் சொல்கிறார். வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்கள், நோய் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை, அப்படிப்பட்டவர்கள் அங்கே போகாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்று காரணம் கூறுகிறார். அவருடைய எண்கள் மிகையாக இருக்கலாம். ஆனால் பொன் கொடுத்து வாங்கியவர்களிடம் வைத்துக்காக்கும் அறிவு இல்லாதிருந்தது என்ற செய்தி யோசிக்கவைக்கிறது.

என் அம்மாவின் ஊர் நெடுந்தீவு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. அவை மேயும் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் நன்னீர் அரிதான தீவு அது. வறட்சி வரும்போதெல்லாம் குதிரைகள் செத்துப்போகின்றன. நான் பண்ணைக் கதைகளைச் சொல்லும்போது அம்மா ஒருநாள் சொன்னார்: "அங்கை ஆர் தம்பி கஞ்சி வைக்கிறது? அதுகள் தன்பாட்டிலை நிண்டு, தன்பாட்டிலை விழும். நாங்கள் பள்ளிக்கூடம் போற வழியிலை பாத்துக்கொண்டு போவம்." கிழக்குதிரையை நெடுந்தீவில் கண்ட ஞாபகமே தனக்கில்லை என்றார். பல் தேயும் வயதுவரை அங்கே பல குதிரைகள் வாழ்ந்திருக்காது.

மாரிக்கு முன்

கடந்த ஒக்ரோபரில் மிருக வைத்தியர் வந்து ஆச்சியைத் தடவிப் பார்த்து, இரண்டரை என்றார். கஞ்சியைக் கூட்டிப் பார்த்தோம். ஏறவில்லை. மூட்டுவாதத்தால் அது படுத்தெழும்புவதையும் நிறுத்திவிட்டிருந்தது. குதிரை நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுக்கவேண்டும். அதன் முன்முழங்கால்களில் காயம் இருந்தது. நின்றபடியே தூக்கம் மேலிட்டு முழங்கால் மடிந்து விழுந்திருக்கிறது.

சனவரி இரவொன்றில் பனிக்கட்டியில் விழுந்து, எழும்ப முடியாமல் விடியும்வரை கிடப்பதற்கு விடுவதா, அல்லது வெயிலடிக்கும் ஒரு நாளில் ஊசி போடுவதா என்பதுதான் தெரிவு. "ஒரு மாதம் முந்திச் செய்வது ஒரு நாள் பிந்திச் செய்வதைவிட நல்லது," என்றார் பண்ணைக்கார அம்மா. எனக்கு உடன்பாடில்லை. ஆச்சி அன்று காலையும் முழுக் கஞ்சியையும் குடித்திருந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். குதிரை சாகும் நாள்வரை தின்னும், அது வலி இல்லை என்பதற்கு அத்தாட்சியல்ல என்றார்.

நவம்பர் முதற்கிழமையில் செய்தார்கள். நான் வேலைக்கு விடுப்பெடுத்துப் போய்க் கயிற்றைப் பிடித்திருந்தேன். மற்றக் குதிரைகள் வந்து முகர்ந்து பார்க்கும்வரை உடலை அங்கேயே விட்டிருந்தோம். அப்படிச் செய்தால் அவை கூப்பிட்டுத் தேடித் திரிவது குறையும் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்வது. அதனோடு எப்போதும் நின்ற ஆண்குதிரை மட்டும் இரண்டு கிழமை சரியாகத் தின்னவில்லை. இப்போது அதற்கும் கஞ்சி வைக்கிறோம்.

இத்தகைய பண்ணைகளுக்கு எப்போதும் ஆட்கள் தேவை. குதிரையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காலையில் எழும்பிப் போய், வாசலில் நின்று பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.