உடையவர் அழித்தார், நேயர் காத்தார்

‘டாக்டர் ஹூ’ என்னும் பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் நீல நிறப் போலீஸ் பெட்டி. உள்ளே போனால் காலத்தைக் கடந்து செல்லும் கப்பல். 1963 நவம்பர் 23ஆம் தேதி மாலை பிபிசி இதை முதன்முதலாக ஒளியேற்றியது. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மக்கள் அந்தச் செய்தியிலேயே மூழ்கிக் கிடந்ததால், அடுத்த வாரம் முதல் அங்கத்தை மறுபடியும் காட்டிவிட்டுத்தான் இரண்டாம் அங்கத்துக்குப் போனார்கள்.

தயாரிப்பாளர் வெரிட்டி லேம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. முதல் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் நம் லக்னோவில் பிறந்தவர், வயது 24. கையில் பணமும் அதிகமில்லை. கப்பல் கிளம்பும் அந்தப் புகழ்பெற்ற ஓசையைப் பிரையன் ஹாட்ஜ்சன் எப்படி உண்டாக்கினார் தெரியுமா? பழைய பியானோவின் கம்பிகளில் வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்தார், அவ்வளவுதான்!

இவை ரசிகர்கள் வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் செய்திகள். நான் சொல்ல வந்தது வேறு.

1960களின் பிற்பகுதியிலிருந்து பிபிசி இத்தொடரின் ஒளிநாடாக்களை அழிக்கத் தொடங்கியது. ஒளிநாடா அன்று விலை உயர்ந்த பொருள். பழையதை அழித்தால் புதியதைப் பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபோதெல்லாம் மறு ஒளிபரப்புச் செய்யவும் முடியாது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் பார்ப்பார் என்ற எண்ணம் வேறு. வெளிநாடுகளுக்கு விற்க எடுத்து வைத்த படச்சுருள்களும், விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும் குப்பைக்குப் போயின. 1978இல்தான் இந்த வேலை நின்றது. கஞ்சத்தனம் என்று ஏசுவது எளிது. ஆனால், வீட்டில் ஒளிநாடா போட்டுப் பார்க்கும் காலம் வரும் என்று அந்த அதிகாரிகள் கனவிலும் நினைக்கவில்லை.

அப்படியானால் மிஞ்சியது எப்படி? இங்கேதான் சாதாரண நேயர்கள் வருகிறார்கள். 1960களில் இங்கிலாந்துப் பையன்கள் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்து, வாரம் தவறாமல் நாடகத்தை ஒலிநாடாவில் பதிந்தார்கள். “யாரும் பேசக்கூடாது” என்று வீட்டாரை எத்தனை முறை அதட்டினார்களோ! அவர்கள் புண்ணியத்தில், காணாமல் போன அங்கங்கள் அத்தனைக்கும் ஒலி முழுமையாக இருக்கிறது. ஜான் குரா என்பவர் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து விற்பதையே தொழிலாகச் செய்தார். பல அங்கங்களின் காட்சிகளை அவர் படங்களிலிருந்துதான் அறிகிறோம்.

படச்சுருள்களும் எதிர்பாராத இடங்களிலிருந்து திரும்பி வந்தன. 1983இல் லண்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்தின் நிலவறையில் 2 அங்கங்கள் அகப்பட்டன. பிறகு நம் பக்கத்து ஹாங்காங்கின் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில், சைபர்மேன்களின் கல்லறையைப் பற்றிய கதை 4 அங்கங்களுடன் முழுதாகக் கிடைத்தது. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பிலிப் மோரிஸ் கண்டெடுத்த சுருள்கள் 2013இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றில் 9 அங்கங்கள் வேறெங்கும் இல்லாதவை. அதன் பிறகும் 97 அங்கங்கள் பாக்கி இருந்தன.

அந்தப் பட்டியலில் ஒன்று 1966 அக்டோபர் 29இல் ஒளியேறிய அங்கம். உடல்நலம் குன்றிய வில்லியம் ஹார்ட்னெல் விடைபெற, டாக்டரின் முகம் மாறிப் பேட்ரிக் டிரௌட்டன் எழுந்த நாள் அது. நாயகனுக்கு நடிகரை மாற்றியும் தொடரைத் தொடரலாம் என்ற தந்திரம் பிறந்தது அன்றுதான். தொடரின் ஆயுளே அதில் இருக்கிறது. அந்த முகம் மாறும் காட்சி மட்டும் இன்று நம்மிடம் இருப்பதற்குக் காரணம், 1973இல் ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் அதைச் சில விநாடிகள் காட்டியிருந்ததுதான்.