பாஞ்சாலங்குறிச்சிச் சைகையும் கணினிச் சைகை உருவமும்

கணினித் திரையில் தோன்றிக் கையசைவுகளால் செய்தி சொல்லும் அசைவூட்ட உருவம் 'சைகை அவதார்' எனப்படும். எழுத்தைக் கொடுத்தால் அதைச் சைகையாக மாற்றிக் காட்டுவது இதன் நோக்கம். ஆனால் காது கேளாதோர் பலருக்கு இவ்வுருவம் காட்டுவது எளிதில் புரிவதில்லை. கை மட்டும் பேசுவதே அதற்கு முக்கியக் காரணம். சைகைக்குக் கை மட்டும் போதாது என்பதற்கு ஓட்டப்பிடாரம் வட்டாரத்திலேயே ஒரு பழைய சான்று உண்டு.

ஊமைத்துரையின் சைகை

ஓட்டப்பிடாரத்தை அடுத்துள்ளது பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனின் தம்பி குமாரசாமியை மக்கள் ஊமைத்துரை என்றே அழைத்தனர். ('ஊமை' என்ற சொல்லை இன்று யாரையும் குறிக்கப் பயன்படுத்துதல் தகாது.) 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர், இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். அவ்வாண்டு மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

அப்போரில் எதிர்த்தரப்பில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் இவரைக் காது கேளாத, வாய் பேசாத தலைவர் என வியந்து எழுதியுள்ளார். சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் ஆங்கிலப் படை போல அடுக்குவாராம். பிறகு வலக்கையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் 'விர்' என்று ஓசை எழுப்புவாராம். அதுவே தாக்குதலுக்கான ஆணை. கையோடு வாயும் சேர்ந்தே செய்தி ஆயிற்று. பார்த்தவர்களும் அவரோடு பழகியவர்கள்.

சைகை மொழியும் இலக்கணமும்

பழகியோருக்கு மட்டும் புரியும் சைகை வேறு. ஒரு சமூகம் முழுவதும் பேசும் சைகை மொழி வேறு. அத்தகைய மொழி வளரக் காது கேளாதோர் ஒன்றுகூடும் இடம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்ஸ் சுவெயின்சன் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி அத்தகைய இடங்களுள் ஒன்று. எனினும் 1880இல் மிலான் மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சு முறையிலேயே கற்பிக்க வேண்டும் எனத் தீர்மானித்திருந்தது. பல நாடுகளின் வகுப்பறைகளில் சைகை ஒதுக்கப்பட்டது. 2010இல் வான்கூவர் மாநாட்டில்தான் இதற்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது.

இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. 'என்ன', 'எங்கே' போன்ற வினாச் சைகைகள் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆம், இல்லை என்று விடை பெறும் கேள்வியைப் புருவ உயர்வே காட்டும். புருவம் அசையாவிட்டால் அக்கேள்வி வெறும் செய்தியாகிவிடும்.

கணினி உருவத்தின் குறை

1980களில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில், கையின் வடிவம், திசை, இடம், அசைவு ஆகியவற்றைக் குறியீடுகளாக எழுதும் முறை உருவானது. இக்குறியீடுகளைக் கொண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2000க்குப் பின் உருவங்களை இயக்கினர். விரல்கள் சரியாக அசைந்தாலும், முகம் உறைந்திருந்தால் பொருள் பாதி போய்விடும். ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து வரிசையாகக் காட்டினாலும் இதே குழப்பம்தான். இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. ஆனால் அகராதி மட்டும் வாக்கியம் ஆகாது.

யார் மதிப்பிடுவது?

2018இல் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் உலகச் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கமும் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. முன்கூட்டியே தயாரிக்கக்கூடிய மாறாத அறிவிப்புகளுக்கு இவ்வுருவங்கள் உதவலாம். நேரடி உரையாடலில் மனித மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாகா என்பது அதன் சாரம். மருத்துவர் சொல்லும் மருந்தளவு தவறாகப் புரிந்தால் உயிருக்கே கேடு அல்லவா? எனவே உருவம் அழகாக உள்ளதா எனக் கேட்கும் நாம் பார்ப்பது போதாது. காது கேளாதவரிடம் காட்டி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் செய்வதே சரியான தேர்வு. அன்று ஊமைத்துரையின் சைகை, எதிரே நின்றவர்களுக்குப் புரிந்ததால்தான் ஆணை ஆயிற்று.