பின் சீட்டின் கதை

"பெரிய கார்" என்று நம் ஆட்கள் எதைச் சொல்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? எஞ்சினின் சக்தியைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. வங்கியில் கார் லோன் கேட்டு வருகிறவர்களிடம், "ஏன் இந்த மாடல்?" என்று பேச்சுவாக்கில் கேட்பேன். பெங்காலியோ, மார்வாடியோ, நம்ம ஊர்க்காரரோ, பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பின்னாடி தாராளமா உட்காரலாம்."

ஓட்டப் போகிறவர் அவர், பணம் கட்டப் போகிறவரும் அவர். ஆனால் பேச்செல்லாம் பின் சீட்டைப் பற்றி! இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கல்கத்தாவில் நான் இருக்கும் இடத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினால், உத்தர்பாராவுக்கு அடுத்து ஒரு ஸ்டேஷன் வரும். பெயரே 'ஹிந்த் மோட்டார்'. தொழிற்சாலையின் பெயரில் ஒரு ரயில் நிலையம்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942இல் பி.எம்.பிர்லாவால் தொடங்கப்பட்டது. முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்தது, 1948இல் உத்தர்பாராவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் கார்களை இங்கே செய்து விற்றார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் வரிசை இங்கே 'லேண்ட்மாஸ்டர்' ஆனது. மூன்றாம் வரிசை 1958 வாக்கில் 'அம்பாசிடர்' ஆனது. இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பத்துக்காகச் செய்த சாதாரண கார் அது. இங்கே வந்து மந்திரி, கலெக்டர், கம்பெனி சேர்மன் எல்லோரையும் சுமந்தது. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரைக்கும் அதே உருவம்தான். 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு (காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்கில்லாமல் தூக்கம் வராது). அம்பாசிடரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2464 மி.மீ. இன்றைய ஹோண்டா சிட்டிக்கு அதே இடைவெளி 2600 மி.மீ. அதாவது, நாம் "நடுத்தர சைஸ்" என்று சொல்லும் காரைவிட அம்பாசிடர் சிறியது! அப்புறம் எப்படி அது பெரிய கார் ஆயிற்று?

பதில் உயரத்தில் இருக்கிறது. காரின் மொத்த உயரம் ஏறக்குறைய 1600 மி.மீ. இன்றைய செடான்கள் பெரும்பாலும் 1500 மி.மீ.யை ஒட்டியே நிற்கின்றன. கூரை உயரம் என்பதால் சீட்டையும் உயரமாக வைக்க முடிந்தது. நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். முழங்கால் மடங்கி நேராகக் கீழே இறங்கும், தொடைக்கு அடியில் முழுக்க ஆதாரம் இருக்கும். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நிறைய நீளம் வேண்டும். நாற்காலி மாதிரி உட்கார்ந்தால் குறைந்த நீளம் போதும். அவ்வளவுதான் ரகசியம். நம்ம பாட்டிமார்கள் மடிசாரோடு தலை குனியாமல் ஏறி இறங்கினார்கள் என்றால், அதற்கு இந்த வடிவக் கணக்குதான் காரணம்.

முன்னாலும் ஒரே நீள சீட்டு. கியர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நடுவில் ஒருவர் உட்காரக் கால் இடிக்காது. டிரைவரையும் சேர்த்து முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் ரெண்டு குழந்தைகள். கல்யாண வீட்டுக் கணக்கில் இது "ஒரு வண்டி ஆள்". பின்னால் நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும் கஷ்டம். பின் சக்கரத்துக்குச் சக்தி போகும் தண்டு தரைக்கு அடியில் ஓடுவதால், காலுக்கு நடுவே ஒரு மேடு துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டில் யார் கடைக்குட்டியோ, மேடு அவருக்கு!

டிக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் என்னை மன்னிக்காது. ஹவுரா ஸ்டேஷனில் சென்னை மெயிலில் வந்து இறங்கும் நம்ம ஆட்களின் மூட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். புழுங்கலரிசி, வடாம், ஊறுகாய் ஜாடி, சில சமயம் வெட் கிரைண்டர் கல்லோடு. அம்மா முதல்முறை வந்தபோது மஞ்சள் டாக்ஸிக்காரர் அத்தனையையும் டிக்கியில் போட்டு, மீதியைக் கூரைமேல் கட்டினார். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மாஷிமா, ஆஸ்தே ஆஸ்தே" என்றார். அம்மாவுக்கு பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது. முழங்கால் வலிக்காமல் உட்கார முடிந்தது மட்டும் தெரிந்தது. லேக் மார்க்கெட் வரை ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

சரி, புகழ்ந்தது போதும். அந்தக் காரை ஓட்டியவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். கனமான ஸ்டியரிங், அழுத்தி மிதிக்க வேண்டிய கிளட்ச், கோடையில் முன்பக்கம் அடிக்கும் எஞ்சின் சூடு. பின்னால் உட்கார்ந்தவருக்கு வெள்ளை டர்க்கி டவல், ஜன்னலுக்குத் திரை, சின்ன மின்விசிறி. முன்னால் இருப்பவருக்கு வியர்வை. லைசென்ஸ் காலத்தில் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். கிடைத்ததே பெரிது என்னும்போது டிரைவரின் முதுகைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? வாங்குகிறவர் பின்னால் உட்காருகிறவர். அவருக்கு எது சுகமோ அதுதான் வண்டியின் சுகம்.

1980களில் "இன்னும் பெரிய கார்" என்ற ஆசை வந்தது. உத்தர்பாராவிலிருந்தே 1984இல் கான்டெஸா வந்தது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரின் உடம்பு, உள்ளே அம்பாசிடரின் அதே 1489 சி.சி. எஞ்சின். சக்கர இடைவெளி 2667 மி.மீ., கால் நீட்ட இடம், அகலமான சீட்டு. ஆனால் இழுக்கத்தான் திராணி இல்லை. பிறகு ஜப்பானின் இசுசு 1800 சி.சி. எஞ்சினைப் போட்ட பின்தான் உடம்புக்கேற்ற உயிர் வந்தது. 2002இல் கான்டெஸாவும் நின்றது.

நம்ம மெட்ராஸுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. அதன் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1, அதாவது 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்று பரிசு வாங்கியது. பார்க்க அத்தனை அழகு. எஞ்சின் மட்டும் பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காலத்துச் சரக்கு. ராஜா வேஷம் போட்டவருக்கு மாட்டு வண்டி கொடுத்த மாதிரி ஆயிற்று. பெட்ரோலை நிறையக் குடித்தது, 1988இல் மூடுவிழா. ஆடம்பர கார் என்றால் சோபா மாதிரி சீட்டு போட்டால் போதும் என்ற எண்ணத்துக்குக் கிடைத்த அடி இது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 வேறொரு பாடம் நடத்தியது. அதில் பின் சீட்டு சிறியது, ஆனால் முதலாளியே ஓட்டினார். ஓட்டுகிறவருக்குச் சுகம் வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் பரவலானது அப்போதுதான் என்பேன்.

அதற்காகப் பின் சீட்டு மோகம் போய்விட்டதா? எங்கே! 1995இல் மெர்சிடிஸ் புனேயில் இ-கிளாஸ் கார்களைப் பூட்டத் தொடங்கியது. 2004இல் ஸ்கோடா சூப்பர்ப் வந்தது. சீனச் சந்தைக்காக நீட்டிய ஃபோக்ஸ்வேகன் பஸாட்டின் அடித்தளம் அதற்கு. பின்னால் காலை நீட்டிப் படுக்கலாம் போல இடம், பின் கதவுக்குள் ஒரு குடை வேறு. 2017இல் மெர்சிடிஸ், வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நீட்டிய இ-கிளாஸை முதலில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. சக்கர இடைவெளி 3079 மி.மீ. 2024இல் பிஎம்டபிள்யூவும் நீட்டிய 5 சீரிஸைக் கொண்டுவந்தது, 3105 மி.மீ. "ஓட்டும் இன்பம்" என்று உலகமெல்லாம் விளம்பரம் செய்த கம்பெனியையே பின் சீட்டுக்கு இறக்கிவிட்டோம் பாருங்கள்!

அம்பாசிடரைவிட அரை மீட்டருக்கு மேல் நீண்ட இடைவெளி. சாயும் சீட்டு, மெத்தைத் தலையணை எல்லாம் உண்டு. ஆனாலும் முழங்கால் வலி உள்ள எழுபது வயதுக்காரர் ஒருவரை இந்த மாதிரி தாழ்வான செடானில் உட்காரவைத்து எழுப்பிப் பாருங்கள். உட்காரும்போது "அப்பாடா", எழும்போது "ஐயோ அம்மா". சீட்டு தாழ்ந்துவிட்டது. இன்றைக்குக் குடும்பங்கள் எஸ்யூவி பக்கம் ஓடுவதற்குப் பந்தா ஒரு காரணம் என்றால், வீட்டுப் பெரியவர்களின் முழங்கால் இன்னொரு காரணம். லோன் கேட்டு வருகிறவர்கள் வாயிலிருந்தே இதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கதையில் சிரிக்க முடியாத ஒரு பகுதியும் இருக்கிறது. பின் சீட்டு என்றால் பாதுகாப்பான இடம் என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவிட்டோம். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். நல்ல விலையுயர்ந்த கார். பின்னால் இருந்த இருவரும் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. முன்னால் பெல்ட் போட்டு இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதி 138(3) பின் சீட்டுக்காரர்களும் பெல்ட் போட வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1000 ரூபாய். ஆனால் எத்தனை கார்களில் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது! அந்த வெள்ளை டவல் காலத்தின் மிச்சம் அது. சுகத்துக்குப் போட்ட துணி உயிரைக் காக்கும் கொக்கியை மூடிவிட்டது. மந்திரிகளின் சிவப்பு விளக்கு 2017 மே 1 முதல் கழற்றப்பட்டது. நம் மனசில் இருக்கும் "பின்னால் உட்கார்ந்தால் எதுவும் ஆகாது" என்ற விளக்கை யாரும் கழற்றவில்லை.

எனவே கார் வாங்கப் போகிற நம்ம குடும்பங்களுக்கு ஒரு வங்கிக்காரனாக மூன்றே விஷயம். ஷோரூமுக்கு வீட்டிலேயே வயதானவரை அழைத்துப் போங்கள். பின் சீட்டில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள், பிரோஷரைவிட அவர் முகம் உண்மை சொல்லும். இரண்டாவது, பின் சீட்டில் மூன்று பேரையும் உட்காரவைத்து, மூன்று பெல்ட்டும் மாட்டிப் பாருங்கள். நடுவில் உட்கார்ந்தவருக்கும் தோள் வழியாக வரும் பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மூன்றாவது, டிரைவர் வைத்து ஓட்டுவதாக இருந்தால், அவரையும் டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப் போய், "இந்த சீட் உங்களுக்குச் சரியா இருக்கா அண்ணா?" என்று கேளுங்கள். அறுபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது.

அப்படியே சீட் கவர் போடுகிற கடைக்காரரிடம், கொக்கிக்கு ஓட்டை விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் தனியாகக் காசு கேட்டாலும் பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள்.