மை இட்ட கல்: 1854 ஒசாகா சுனாமியும் ‘மறதி’ என்னும் விளக்கமும்

பேரிடரும் நினைவும் பற்றி ஜப்பானில் யார் எழுதினாலும் டெராடா டோராஹிகோவைத் தொடாமல் போவதில்லை. இயற்பியலாளர், நாவலாசிரியர் நட்சுமே சொசெகியின் மாணவர். 1933 மார்ச் 3 அன்று சன்ரிக்குக் கரையைச் சுனாமி அழித்தது. அதே ஆண்டு மே மாதம் அவருடைய ‘சுனாமியும் மனிதரும்’ கட்டுரை வெளிவந்தது. அதே கரையில் 1896 ஜூன் 15 சுனாமிக்கு ஏறத்தாழ 22,000 பேர் பலியாகியிருந்தார்கள். இடைவெளி 37 ஆண்டுகள். அதற்குள் பட்டறிந்த தலைமுறை ஓய்ந்துவிடுகிறது. மேட்டுக்கு ஏறிய குடிகள் மெல்லக் கரைக்கு இறங்கிவிடுகின்றன. இயற்கை தன் பழக்கத்தை மறப்பதில்லை, மனிதன்தான் மறக்கிறான் என்பது அவர் வாதம். நினைவுக்கற்கள் மீதும் அவருக்கு நம்பிக்கையில்லை. 1896க்குப் பின் நட்ட ஒரு கல் இரண்டாக ஒடிந்து எழுத்துத் தெரியாமல் கிடக்கிறது என்கிறார். வேறோர் ஊரில் புதுச் சாலை வந்ததும் கல் நின்ற பழைய பாதை ஆளரவமற்றுப் போயிற்று என்கிறார். இரண்டும் அவர் கண்டவை அல்ல, போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டவை. பின்வந்தோர் இதைக் கவனிக்காமல், ‘கல் பயன்படாது’ என்பதை ஒரு விதிபோல் எடுத்தாண்டுவிட்டார்கள்.

மறதி என்ற விளக்கம் எளிதில் ஒப்புக்கொள்ளத்தக்கதாக இருக்கிறது. அதனாலேயே அதை ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. ஒசாகாவில் கிசு ஆற்றின் மேல் உள்ள தைஷோ பாலத்தருகே நிற்கும் ஒரு கல்லை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். அன்செய் 2ஆம் ஆண்டு, அதாவது 1855இல் நட்டது. முந்தின ஆண்டின் நான்காய் நிலநடுக்கத்தையும் அஜி, கிசு ஆகிய இரண்டு ஆற்று வாய்களிலும் ஏறிவந்த சுனாமியையும் அது பதிவுசெய்கிறது.

கல் நேராகச் சுனாமியில் தொடங்குவதில்லை. முதலில் வருவது 1854இன், பழைய நாட்காட்டிப்படி, 6ஆம் மாதத்து நிலநடுக்கம். இகா, யமாத்தோ பகுதிகளில் பலர் மாண்டார்கள். ஒசாகாவாசிகள் பெரிய ஆற்றின் கரையில் நின்றபடியே நாலைந்து இரவுகளைக் கழித்தார்கள். அடுத்து 11ஆம் மாதம் 4ஆம் நாள் காலையில் மறுபடி பெரிய அதிர்ச்சி. முன்னதற்கு அஞ்சி வெற்றிடங்களில் குடிசை போட்டார்கள், முதியோரும் சிறியோருமாகப் பலர் சிறு படகுகளில் ஏறினார்கள் என்கிறது கல். மறுநாள் பிற்பகல் மூன்றாவது அதிர்ச்சி. வீடுகள் சரிந்தன, தீயும் பிடித்தது. அது அடங்கும் வேளையில், பொழுது சாயும்போது, இடிபோன்ற முழக்கத்துடன் அலை ஆற்றுக்குள் புகுந்தது. பெரிய கப்பல்கள் நங்கூரக் கயிறறுத்து மேல்நோக்கிப் பாய்ந்தன. பாலங்கள் வரிசையாக நொறுங்கின. தைக்கொக்குப் பாலத்தருகே ஒரு பெரிய கப்பல் குறுக்கே கிடக்க, மேலேறி வந்த கலங்கள் அதில் மோதிச் சிதறின. சிறு படகில் இருந்தவர்கள் இதற்கெல்லாம் நடுவே அகப்பட்டார்கள்.

இதை மறதி என்று எப்படிச் சொல்வது? இவர்கள் ஐந்து மாதத்துக்கு முந்தின நிலநடுக்கத்தை நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கூரை விழும், தீப்பிடிக்கும், ஆற்றோரம் போனால் பிழைக்கலாம் என்பது அவர்கள் கண்கூடாகக் கற்ற பாடம். கரையில் நிற்பதற்கும் கரையில் கட்டிய படகில் உட்காருவதற்கும் ஓர் அடிதான் தூரம். 4ஆம் நாள் ஆறு பொங்கியதாகக் கல் சொல்லவில்லை. படகு அன்று பத்திரமான இடமாகவே தோன்றியிருக்கும். மறுநாள் பொழுது சாயும்போது அதே படகு எமனாயிற்று. அண்மை நிலநடுக்கத்தின் நினைவு பழைய சுனாமி நினைவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே என் வாசிப்பு.

இந்த வாசிப்பு ஒரு சொற்றொடரைத்தான் நம்பி நிற்கிறது என்பது தெரிந்ததே. அக்காலக் கல்லில் நிறுத்தக்குறி இல்லை. ‘முன்னதற்கு அஞ்சி’ என்பது குடிசை போட்டதற்கு மட்டும் காரணமா, படகேறியதற்கும் சேர்த்தா? குடிசையோடு நிறுத்தினால் படகேறியது தனிச்செய்தியாகிவிடும். என் வாதமும் பாதி தளரும். ஆனால் இரண்டு செயலும் ஒரே ஓட்டத்தில், ஒரே வாக்கியத்தில் வருகின்றன. வெற்றிடம் குறைந்த ஒரு கால்வாய் நகரத்தில் குடிசைக்கு மாற்று வேறென்ன? ஆகவே அச்சம் இரண்டையும் ஆள்கிறது என்றே கொள்கிறேன்.

கல்லே எனக்கு எதிராகவும் பேசுகிறது. 148 ஆண்டுக்கு முன், ஹொயெய் 4இல் (1707), இதே போலப் படகேறிப் பலர் மூழ்கினர். நெடுங்காலமானதால் சொல்வார் அருகிவிட்டனர், ஆகவே மீண்டும் அதே இழப்பு என்று அது வருந்துகிறது. டெராடா சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இது நிகழ்ச்சிக்குப் பின் எழுந்த விளக்கம். எழுதியவரின் துயரத்தை மதிக்கலாம். அவர் சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவரே தந்திருக்கும் நிகழ்ச்சி வரிசை அவர் காரணத்தைவிட நம்பத்தக்கது.

காலக்கணக்கில் சில முடிச்சுகள் உள்ளன. 6ஆம் மாத நிலநடுக்கம் 14ஆம் நாள் நள்ளிரவில் என்கிறது கல்; இன்றைய அட்டவணைகளில் அது 15ஆம் நாள், 1854 ஜூலை 9. விடியலில் நாள் பிறப்பதாகக் கொண்ட வழக்கத்தால் வந்த வேறுபாடு இது; சிக்கலில்லை. 148 என்ற எண்தான் உறுத்துகிறது. 1707இலிருந்து 1854 வரை கழித்தால் 147. இரு முனை ஆண்டுகளையும் சேர்த்து எண்ணினால் 148. கல் நட்ட 1855இலிருந்து கழித்தாலும் 148தான். இரு முனைகளையும் சேர்த்த கணக்கு சரியெனில் வாசகம் சுனாமி ஓய்ந்த கையோடு எழுதப்பட்டது. 1855 கணக்கெனில் கல் நடும்போது. முதலாவதன் பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான்.

காரணம் பற்றிய பகுதியைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அலை நடுக்கடலிலிருந்து மட்டும் வருவதில்லை, கரையோரக் கடலடியிலிருந்தும் பொங்கும், கடலோரப் புதுவயல்களில் சேற்றுநீர் பீறிட்டது என்கிறது கல். சுனாமியின் காரணமாக இது தவறு. நான்காய் அகழியில் பிலிப்பைன் கடல்தட்டு ஜப்பானுக்கடியில் செருகுவதே காரணம் என்று இன்று அறிவோம். ஆனால் சேற்றுநீர் பீறிட்டது கற்பனையல்ல. நீர் ஊறிய மணல் குலுக்கலில் இளகிக் கூழாகும் நிகழ்வை ஒருவர் பார்த்தபடியே எழுதியிருக்கிறார். யமாத்தோவில் குளம் உடைந்து வீடுகள் போனதையும் இதனோடு சேர்த்து, பெரிய குளத்தருகே வாழ்வோரும் எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறார். விளக்கம் பிசகினாலும் அறிவுரை பிசகவில்லை.

கடைசி வரி ஒரு வேண்டுகோள்: நல்ல மனம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் எழுத்து தெளியும்படி மை இட வேண்டும். தமிழ்க் கல்வெட்டு படித்தவர்களுக்கு இங்கே ஓம்படைக்கிளவி நினைவுக்கு வரும். ‘இத்தர்மம் காத்தார் பாதம் என் தலைமேல்’ என்று நம் கல் காப்பவரை வணங்கும். அழிப்பவரைக் கங்கைக்கரைப் பசுவைக் கொன்ற பாவத்தில் தள்ளும். ஒசாகாக் கல்லில் வாழ்த்துமில்லை, சாபமுமில்லை. ஒரு வேலையை மட்டும் ஒப்படைக்கிறது. அப்பகுதி மக்கள் இன்றும் ஆகஸ்ட் மாத ஜிசோ விழாவையொட்டி அதற்கு மை இடுகிறார்கள். டெராடா கேள்விப்பட்ட கல் ஒடிந்து கிடந்ததற்கு மனித இயல்பைப் பழிப்பதற்கு முன், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது என்று கேட்டிருக்கலாம்.

சன்ரிக்கிலேயே 1933க்குப் பின் அனெயோஷியில் நட்ட கல், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்கிறது. 2011 மார்ச் 11 அன்று அந்தப் பள்ளத்தாக்கில் அலை சுமார் 40 மீட்டர் ஏறியும் கல்லை எட்டவில்லை, வீடுகள் தப்பின. ஆனால் கல்லின் பெருமையை மிகைப்படுத்தவும் வேண்டாம். அது ஒரு சிறு ஊர், வீடுகள் முன்பே மேலே போயிருந்தன. மற்ற ஊர்களில் கீழே இறங்கியவர்களைப் பற்றி யமகுச்சி யாய்ச்சிரோ 1943இல் எழுதிய ‘சுனாமியும் கிராமமும்’ நூல், மீன்பிடித் தொழிலும் கடலுக்கான தூரமும் அவர்களை இழுத்ததைக் காட்டுகிறது. மறந்ததால் இறங்கினார்கள் என்பதைவிட, தெரிந்தே இறங்கினார்கள் என்பது பொருந்தும்.

மறதிக்கு மருந்தாக டெராடா கேட்டது பள்ளிக் கல்வி. அவர் 1935இல் காலமானார். 1937இல் ‘வைக்கோல் போரின் தீ’ பாடநூலில் சேர்ந்தது. இதே 1854 சுனாமியின் கதைதான். ஹமகுச்சி கொரியோ தீமூட்டி ஹிரோ கிராமத்தாரை மேட்டுக்கு வழிகாட்டிய நிகழ்ச்சி, எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் வழியாக உருமாறி வந்தது. முப்பத்துச் சொச்ச வயதினர் கதையில் கிழவராகிவிட்டார். வேலை இழந்த கிராமத்தாருக்குக் கூலி கொடுத்து அவர் கட்டிய சுமார் 600 மீட்டர் கரையணை, 1946 சுனாமியில் ஊரின் பெரும்பகுதியைக் காத்த அணை, கதையில் இடம்பெறவில்லை. பாடநூலும் தனக்கு வேண்டியதை மட்டும்தான் நினைவில் வைக்கிறது.

ஒசாகாவில் சுனாமி ஓய்ந்ததுமே அச்சாகி விற்ற செய்தித்தாள்கள் பல எஞ்சியிருக்கின்றன. பாலத்தருகே குவிந்த கப்பல்களின் படங்கள் அவற்றில் உண்டு. அவற்றையும் அக்கால நாட்குறிப்புகளையும் கல்லின் அந்த ஒரு வாக்கியத்தோடு வரிவரியாக ஒப்பிட்டால், படகேறியவர்களின் அச்சம் எதைப் பற்றியது என்பது இன்னும் உறுதிப்படலாம். அதுவரை மேலே சொன்னது ஒரு வாசிப்பு மட்டுமே.