உறைபனியும் இருட்டறைத் திரவங்களும்
ஒளிப்பட வரலாற்றில் ஒரு நோக்கு

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் வில்லையின் வளர்ச்சியையும் கலைஞரின் நோக்கையும் விரித்துரைப்பர். இருட்டறைப் புட்டிகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், குளிர்நிலங்களுக்கு ஒளிப்படக் கருவி சென்ற வரலாறு பெரும்பாலும் அப்புட்டிகளின் வரலாறே எனலாம். குளிர் பகைத்தது படத்தையன்று, படத்தைத் துலக்கும் திரவத்தையே என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், குளிர் இத்திரவங்களுக்கு இழைக்கும் கேட்டினை நோக்குதல் பொருத்தமாகும். அது மூவகைப்படும். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகின்றது. விளிம்புவரை நிரப்பிய கண்ணாடிப் புட்டி அதனால் வெடிக்கின்றது. இரண்டாவதாக, கரைசல் உறையாதபோதும், குளிர்ந்த நீரில் குறைவாகவே கரையும் ஐதரோக்குவினோன் போன்ற பொருள்கள் பளிங்குகளாகப் பிரிந்து அடியிற் படிகின்றன. மூன்றாவதாக, இரசாயனத் தாக்கம் தளர்கின்றது. ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே ஐதரோக்குவினோன் தன் தொழிலைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகின்றது. இவை பனிநாடுகளுக்கு மட்டுமே உரியன என்று நாம் கருதிவிடலாகாது. செறிந்த அசற்றிக் அமிலம் 16.6 பாகையிலேயே பனிக்கட்டிபோல் இறுகும். அதனை இறுகச் செய்ய நுவரெலியாவின் இரவுக் குளிரே போதுமானது.

1851 இல் ஆங்கிலேயரான பிரடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை, இத்திரவங்களைப் பயணத்தினின்றும் பிரிக்கமுடியாதனவாக ஆக்கிற்று. கண்ணாடித் தகட்டிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது உலருமுன்னரே படமெடுத்துத் துலக்கவும் வேண்டும். ஆகவே படமெடுப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டறையும் செல்லவேண்டியதாயிற்று. கொலோடியனிலுள்ள ஈதரும் மதுசாரமும் எளிதில் உறையா. ஆனால் வெள்ளிக் கரைசலும் துலக்கும் கரைசலும் நீராலானவை.

இந்நிலையிலேயே சாமுவேல் போர்ண் 1863 முதல் 1866 வரை மும்முறை இமயமலைப் பகுதிகளுக்குச் சென்றார். மூன்றாம் பயணத்தில், 18,600 அடி உயரமென அவர் குறித்த மனிருங் கணவாயிலும் படமெடுத்தார். கூடாரம், தகடுகள், இரசாயனப் புட்டிகள் ஆகிய யாவும் சுமையாளரின் முதுகிலேயே மலையேறின. சுமையாளர் சிலர் சுமைகளை வழியிலே விட்டு நீங்கியதனைப் போர்ண் தமது கட்டுரைகளில் முறைப்பாடாகவே எழுதியுள்ளார். அம்முறைப்பாட்டை இன்று படிப்போர் அதனை மறுபுறமிருந்தும் நோக்கல் வேண்டும். பனியிற் கால் வைத்து அப்புட்டிகளைச் சுமந்தோரின் பெயர்கள் அப்படங்களின் கீழ் இடம்பெறவில்லை.

1871 இல் மருத்துவரான ரிச்சர்ட் லீச் மடொக்ஸ், வெள்ளிப் புரோமைட்டைச் செலற்றினிற் கலந்து பூசும் முறையை வெளியிட்டார். பின்வந்தோர் அதனைச் செம்மைப்படுத்த, அப்பத்தாண்டின் இறுதிக்குள் உலர்தகடுகள் விற்பனைக்கு வந்தன. இம்மாற்றத்தை வசதியின் வளர்ச்சியென்று மட்டும் கொள்வது போதாது. படமெடுத்தலும் துலக்குதலும் காலத்தாலும் இடத்தாலும் பிரிந்தமையே இதன் உண்மைப் பயன். தகடு பனிக்குட் செல்லலாம். திரவம் அடுப்பின் அருகே காத்திருக்கலாம்.

இப்பிரிவின் பயனை ஸ்கொட்டின் தென்துருவப் பயணம் தெளிவாகக் காட்டுகின்றது. 1911 இல் எவன்ஸ் முனையில் அமைந்த குடிலில் ஹேபர்ட் பொண்டிங்குக்கு ஒரு சிறிய இருட்டறை இருந்தது. துருவத்தை நோக்கிச் சென்றோர் திரவம் எதனையும் கொண்டுசெல்லவில்லை. ஒளிப்படக் கருவியும் பிலிமும் மட்டுமே சென்றன. 1912 ஜனவரியில், பவர்ஸ் நூலொன்றை இழுத்துக் கருவியை இயக்க, ஐவரும் துருவத்திற் படமாயினர். அவர்களுள் எவரும் மீளவில்லை. அவ்வாண்டு நவம்பர் 12 ஆந் திகதி தேடிச்சென்றோர் அவர்களது கூடாரத்தைக் கண்டனர். அங்கிருந்து மீட்கப்பட்ட பிலிமை டெபன்ஹாம் எவன்ஸ் முனைக் குடிலிலே துலக்கினார். மனிதரைக் கொன்ற குளிர் அவர்களின் உருவங்களைக் காத்துத் தந்தது.

இதனினும் வியப்பிற்குரியது சுவீடிய நாட்டவரான அன்ட்ரேயின் பயணமாகும். 1897 இல் வாயுக்கூண்டில் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்ட மூவரும் மறைந்தனர். 1930 இலேயே வெள்ளைத் தீவில் அவர்களின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஸ்ரின்ட்பேர்க் எடுத்த பிலிம்களை ஸ்ரொக்ஹோமில் ஜோன் ஹேட்ஸ்பேர்க் துலக்க, 240 படங்களுள் 93 மீட்கப்பட்டன. அவற்றிற் காணப்படும் கறைகளுட் பல ஈரத்தால் விளைந்தவை. முப்பத்துமூன்றாண்டுக் குளிர் அழிக்காததை நீர் கறைப்படுத்தியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரசாயன வணிகமும் இவ்வுண்மையை உணர்ந்தே வளர்ந்தது. 1927 இல் வந்த டி-76 போன்றவை தூளாக விற்கப்பட்டன. நீர் சேருமிடத்திலேயே கிடைக்குமாயின் அதனைப் பனிக்குள் அனுப்புவானேன்? எனினும், 1891 இல் வந்த ரொடினால் போன்ற செறிகரைசல்கள் திரவமாகவே விற்கப்பட்டன. இத்தகைய திரவங்களைக் குளிர்காலத்தில் அனுப்புவோர், நெகிழக்கூடிய பிளாஸ்ரிக் புட்டியில் வெற்றிடம் விட்டு நிரப்பி, குளிர் புகாவண்ணம் பொதிசெய்தல் வேண்டும். பெறுவோர் உடனே திறவாது, முதலிற் புட்டியில் வெடிப்புண்டோ எனப் பார்த்து, அறையின் வெப்பநிலையை அடையும்வரை வைத்தல் வேண்டும். பளிங்குகள் இருப்பின் இளஞ்சூட்டு நீரில் வைத்து, அவை முற்றாகக் கரையும்வரை அசைத்தல் வேண்டும். மேலே தெளிந்த பகுதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவோர் குறைபட்ட கரைசலையே பயன்படுத்துவோராவர். எல்லாம் மீள்வதுமில்லை, குளிரால் போமலினிற் படியும் வெண்படிவு எளிதிற் கரையாது.

இவ்வாறு நோக்குமிடத்து, உலர்தகடு ஒளிப்படத்தை விரைவாக்கியது மட்டுமன்றி, மனித முதுகிலிருந்து ஒரு சுமையையும் இறக்கியது. ஒரு கண்டுபிடிப்பை மதிப்பிடும்போது அது எதனைச் சாதித்தது என்பதோடு, எவருடைய சுமையைக் குறைத்தது என்றும் வினாவுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.