வலைக்கண்ணுக்குத் தப்பியவை

தெல்லிப்பழைப் பிரதேச செயலர் பிரிவின் வட எல்லை கடலாகும். கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி எனத் தொடரும் அக்கரையின் மீன்வளம் பற்றி எழுதியோர் பலர். ஆனால் கடலில் உணவுச் சங்கிலியைத் தொடக்கிவைக்கும் தாவரப் பிளாந்தன் பற்றி நம்மவர் எழுதியது மிகக் குறைவு.

'பிளாந்தன்' என்னும் பெயரை 1887 இல் வழங்கியவர் ஜேர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் விக்டர் ஹென்சன். மா அரிக்கும் பட்டுத்துணியில் வலை செய்து அவர் கடலின் விளைச்சலை அளக்க முனைந்தார். மன்னாரில் 1891 இன் பின் முத்துக்குளிப்பு நின்றுபோனமையால், காரணம் அறிய 1902 இல் இங்கு வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனும் அத்தகைய வலையையே நம்பியிருந்த தலைமுறையைச் சேர்ந்தவர். வலையில் சிக்கியது மட்டுமே கடலின் உணவு என அன்று கருதப்பட்டது.

அது பெரும் குறையென்பதைக் காட்டியவர் அதே கீல் நகரத்து லோமன். கடலிலுள்ள சிறு வாற்பிராணியொன்று தன் உடலைச் சுற்றி அமைக்கும் வடிகட்டியில், பட்டுவலைக்குத் தப்பிய நுண்கலங்கள் நிறைந்திருப்பதை அவர் கண்டார். மனிதன் செய்த வலையிலும் பிராணியின் வலை நுட்பமானது! எனினும் யாவற்றிலும் சிறியதான புரோகுளோரோகொக்கசு அறியப்பட்டது 1988 இலேதான். அதன் பருமன் ஏறத்தாழ 0.6 மைக்கிரோமீற்றர். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டவை வரிசையாக நிற்கலாம்.

பருமனுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கலத்தின் விட்டம் இருமடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்காகும். கனவளவோ எட்டு மடங்காகும். போசணை மேற்பரப்பினூடாகவே உட்செல்வதால், வறிய நீரில் சிறிய கலமே பிழைக்கும். போசணை மிகுந்த நீரில் பெரிய தயற்றங்கள் விரைந்து பெருகும். அவற்றிலிருந்து சூடைமீனுக்குச் செல்லும் வழி குறுகியது. சிறு கலங்களின் உணவோ பல வாய்களைக் கடந்தே மீனை அடைகிறது. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி இழக்கப்படுகிறது.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையினூடாக இறங்கிக் கீரிமலை போன்ற இடங்களில் கடலோரத்தில் ஊற்றெடுக்கிறது. வலிகாமத்துத் தோட்டங்களின் உரமும் மலசலக் குழிகளின் கழிவும் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருப்பது நிறுவப்பட்ட உண்மை. அந்நிலத்தடி நீர் கடலையும் அடையும்போது அங்கே எக்கலங்களுக்கு வாய்ப்பளிக்கிறது? போசணை கூடினால் நன்மைதான் என்று சொல்லிவிடவும் முடியாது. 2019 இல் மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரையில் நொக்டிலூக்கா பெருகிக் கடல் பச்சையாகியது. மீன்கள் செத்து ஒதுங்கின.

அக்கரையில் மண்டபம் ஆய்வு நிலையத்தார் 1950களிலேயே பாக்கு நீரிணைப் பகுதியின் பிளாந்தன்களைக் கணக்கெடுத்தனர். நமது கரையில் 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்தனர். மயிலிட்டித் துறைமுகம் மீண்டும் கிடைத்தது 2017 இல். மீனவரே வலை இறக்க இயலாத கடலில் பிளாந்தனை யார் எண்ணுவது? இப்போது தடையில்லை. கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதிப்போர் கீரிமலைக்கு அப்பாலும் தோணியில் சென்று சில போத்தல் நீர் எடுத்து வரலாம்.